எட்டாவது சந்து ஏன் வளைந்தது

அன்றைக்கு அந்த மேட்டில் நின்றவர்கள் ஆறு பேர். ரப்பர் தோட்டத்துப் பெரிய துரை. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பிளான் துரை, அதாவது எங்கள் புதுக் குடியிருப்பைக் காகிதத்தில் வரைந்த வெள்ளைக்கார இளைஞர். இரண்டு துரைகளுக்கும் நடுவில் குடையும் கையுமாக, ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். தச்சு வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த சீன முதலாளி, எங்கள் வாயில் தவுக்கே. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த பழைய லயத்திலிருந்து வந்திருந்த முனியம்மா. கடைசியாக நான், கையில் நூல்கண்டோடு. பெரிய துரையின் நாயைச் சேர்த்தால் ஏழு. நாயைச் சேர்க்கத்தான் வேண்டும். அன்றைக்கு என்னைப் பார்த்து வாலாட்டியது அது ஒன்றுதான்.

இவ்வளவு கணக்காக ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு விஷயம் பிற்பாடு நல்லபடியாக முடிந்துவிட்டால் ஊரே அங்கே நின்றதாகச் சொல்லிக்கொள்ளும். ஜோகூரில் எங்கள் சிம்பாங் ரெங்கம் கடைத்தெருவில் 'நானும் அன்னிக்கு அங்கதான் இருந்தேன்' என்று சொன்ன ஆட்களை நானே பத்துப் பதினைந்து பேரைப் பார்த்திருக்கிறேன். நம்பாதீர்கள்.

புதுக் குடியிருப்புகளில் வீடும் ரோடும் வருமிடத்துக்கு முளை அடித்து நூல் கட்டக் கிளம்பியிருக்கும் தம்பிகளே, முளை எப்படி அடிப்பது, நூல் எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நான் நாலாம் வகுப்பை முடிக்காமலே பள்ளிக்கூடத்தை விட்டவன். எண் தெரியும், தமிழ் தெரியும், ஆங்கிலத்தில் என் கையெழுத்து மட்டும் தெரியும். கவலைப்படுவது என்று ஒரு பாடம் இருந்து அதற்குப் பரீட்சையும் வைத்திருந்தால் பெரிய படிப்பாளியாகியிருப்பேன்.

வேலைக்குக் கிளம்புமுன் முளைக்குச்சிகளை மூன்று தரம் எண்ணுவேன். கையில் ஒரு நூல்கண்டு இருக்கும், மடியில் ஒன்று இருக்கும். இரண்டும் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று ஸ்டோரில் மூன்றாவதாக ஒன்று ஒளித்து வைத்திருப்பேன். திட்டுவதற்கு மேலே ஆள் யாரும் இல்லாத நாளில் மேகத்தைப் பார்த்துப் பயப்படுவேன். இப்படிப்பட்டவனிடம் எண்பது வீட்டுக் குடியிருப்புக்கு முளை அடிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். முன்னே ரோடு போட வந்த அளவுக்காரருக்குச் சங்கிலி தூக்கிப் பழகியிருந்தேன். கண் நேர் பார்க்கும் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒரு சொல்தான் என் சர்ட்டிபிகேட்.

ரப்பர் விலை விழுவதற்குக் கொஞ்ச காலம் முந்தி. கம்பெனி கையில் காசு புரண்ட நேரம். பழைய லயம் எப்படி இருந்தது என்று உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரே நீளக் கொட்டகை. முதுகோடு முதுகாகப் பத்தடி அறைகள். இந்தப் பக்கத்து அடுப்புப் புகை அந்தப் பக்கத்துக் குழந்தையின் கண்ணில் போகும். அதைக் கைவிட்டு, தனித்தனி வீடாக, காற்றோட்டமாக ஒரு குடியிருப்பே கட்டுவது என்று சீமையில் முடிவாயிற்று. முதல் மேட்டில் நாற்பது வீடு, அது நன்றாக அமைந்தால் பக்கத்து மேட்டில் இன்னும் நாற்பது.

ஆபீஸ் மேஜையில் பிளானை விரித்த நாளில் நானும் கூப்பிடப்பட்டிருந்தேன். சைக்கிள் சக்கரத்தைப் படுக்கப் போட்ட மாதிரி இருந்தது. மேட்டு உச்சியில் வட்டமாகப் புல்தரை. அதிலிருந்து எட்டுப் பக்கமும் எட்டுச் சந்துகள் ஆரக்கால்போல இறங்குகின்றன. அடிவாரத்தில் மேட்டைச் சுற்றி ஒரு வட்டப் பாதை. ஒவ்வொரு சந்தும் வட்டப் பாதையில் வந்து சேர்கிற இடத்துக்கு நேர் எதிரே, சந்தைப் பார்த்தபடி ஒரு வீடு. மற்ற வீடுகளைவிட இந்த எட்டும் ஒரு சுற்றுப் பெரிசு. முகப்பில் முக்கோணமாகப் பலகை வேலைப்பாடு வேறு.

பிளான் துரை உற்சாகமாக ஏதோ சொன்னார். பெரிய கிராணி எங்களுக்குத் தமிழில் சொன்னார்:

"மேலை நிண்டு எந்தச் சந்தைப் பாத்தாலும், அதின்ர முடிவிலை ஒரு வடிவான வீட்டு முகம் தெரியுமாம். அதுதான் இந்தப் பிளானின்ர உயிராம்."

எனக்கு உயிரே போயிற்று. சந்து நேராக வந்து வாசலில் குத்துகிறது. ஒன்று இரண்டு இல்லை, எட்டு வீட்டுக்கும் தெருக்குத்து! நம் ஆட்களில் யார் அதில் அடுப்பு மூட்டுவார்கள்? பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து சொன்னேனா என்றால் இல்லை. படித்தவர்கள் வரைந்தது, சீமையில் ஒப்பமிட்டது, நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் என்ன சொல்வது? யாராவது சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன். கிராணி சொல்வார் என்று நான் நினைத்தேன். ஆட்களை மேய்க்கும் கங்காணி சொல்வார் என்று கிராணி நினைத்திருக்கிறார். கங்காணியிடம் பிளானை யாரும் காட்டவே இல்லை.

வெளியே வந்தபோது தவுக்கே என் தோளைத் தட்டினார். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது கடைத்தெரு மலாயில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன், பேச்சுக்குப் பேச்சு அவர் ஒட்டும் மலாய் 'லா'வை மட்டும் அப்படியே விட்டுவைக்கிறேன்.

"தம்பி, ரோடு வீட்டைக் குத்துது பாத்தியா? எங்க ஆளுங்ககூட இந்த மாதிரி வீட்டுல இருக்க மாட்டாங்க."

"அப்ப உள்ளேயே சொல்லியிருக்கலாமே, தவுக்கே!"

"நான் ஆசாரி லா. கட்டச் சொன்னா கட்டுவேன். குடியிருக்கச் சொன்னாத்தான் மாட்டேன்."

ஆக, இரண்டு ஜாதி சனங்களுக்கும் தெரிந்த ஒரு சங்கதி, இரண்டு வாய்களிலும் பூட்டுப் போட்டுக்கொண்டு உள்ளேயே கிடந்தது. நான் முளை அடித்தேன். ஒரு அங்குலம் பிசகாமல் அடித்தேன். தவறான ஒன்றை அவ்வளவு சுத்தமாகச் செய்தவன் ஜோகூரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான்.

வீடுகள் எழும்பின. தரையோடு தரையாகச் சிமெண்டுத் தளம், பலகைச் சுவர், தகரக் கூரை. எட்டு முகப்பு வீடுகளும் கல்யாண வீட்டுப் பெண்கள் மாதிரி நின்றன. காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது கிராணி வீட்டுப் பட்டியலை வாசித்தார். முகப்பு வீடுகள் கங்காணிக்கும் அவருக்கு அடுத்த மேஸ்திரியான தண்டலுக்கும் பழைய ஆட்கள் ஆறு பேருக்கும் என்று துரையே மரியாதை பார்த்து ஒதுக்கியிருந்தார். அன்று சாயங்காலம் எல்லாரும் குடும்பத்தோடு போய் அவரவர் வீட்டைப் பார்த்தார்கள். மேட்டு வீடு கிடைத்தவர்கள் திரும்பி வரும்போதே எந்த மூலையில் உரலைப் போடலாம் என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். முகப்பு வீடு கிடைத்த எட்டுப் பேரும் வாசற்படியை மிதிக்காமலே திரும்பி வந்தார்கள்.

மறுநாள் கங்காணிக்குப் பழைய லயத்தின்மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது.

"எனக்கு அந்த இடந்தான் ராசிங்க, கிராணி ஐயா. புது வீட்ட வேற யாருக்காச்சும் குடுங்க. நான் பெருந்தன்மையா விட்டுக் குடுக்கிறேன்."

தண்டலும் விட்டுக் கொடுத்தார். மற்ற ஆறு பேரும் விட்டுக் கொடுத்தார்கள். தோட்டத்தில் அவ்வளவு பெருந்தன்மையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பெரிய துரைக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல வீட்டைக் கொடுத்தால் முகத்தில் திருப்பி எறிகிறார்களே என்று கோபம். துரைமார் பேசும் தோட்டத் தமிழில் பெரட்டிலேயே கத்தினார்:

"சனிக்கெழமை கம்பெனி பெரிய ஆளு வரான்! எட்டு வூட்லேயும் பொகை வரணும். வரலே, அடுத்த மேடு வேலை நிப்பாட்டு! காசு திருப்பி அனுப்பு!"

வரிசையின் கடைசியில் நின்ற முனியம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். புருஷனை இழந்தவர், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், இரண்டு பெண் பிள்ளைகள். கொழுந்தன் குடும்பத்தோடு ஒரே அறையில் ஒன்பது பேராக இருந்தார். பக்கத்து மேட்டில் கட்டப்போகும் நாற்பது வீட்டுப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. பெரட்டு கலைந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"முளைக்கார அண்ணே, அவங்க எட்டுப் பேரு போகலைன்னா எங்க நாப்பது வீடு கெடையாதா?"

"துரை அப்படித்தாம்மா சொல்றாரு."

"குச்சி அடிச்சது நீங்கதானே? அடிக்கும்போது கண்ணு எங்க போயிருந்துச்சு?"

கண் இருந்தது, வாய்தான் இல்லை.

அன்று சாயங்காலம் கங்காணியிடம் போனேன். பரிகாரம் ஒன்று இருக்கிறது, சந்து முட்டும் இடத்தில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டால் போதும், தாராளமாகக் குடிபோகிறேன் என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கிராணியிடம் ஓடினேன்.

"எட்டுச் சந்துக்கு எட்டுப் பிள்ளையாரோ?" கிராணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "என்ன காணும், துரைக்கு ஒரு பிள்ளையாரை விளங்கப்படுத்தவே எனக்கு இங்கிலீசு காணாது. எட்டுக்கும் பூசை ஆர் செய்யிறது? சதுர்த்திக்குக் கொழுக்கட்டை ஆர் அவிக்கிறது? போம், போம்."

மேட்டு உச்சியில் போய் உட்கார்ந்தேன். தவுக்கே அங்கே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து பால் டப்பாவில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். எட்டு வீடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கூரையைக் கழற்றி வீட்டை நகர்த்த முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் கம்பெனி என்னை விற்றாலும் அந்தக் காசு வராது என்றார். வாசலைப் பக்கவாட்டில் திருப்பலாமா என்று கேட்டேன். அப்போதும் சந்து சுவரைக் குத்தும் என்று அவரே சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"நீ வீட்டையே பாக்குற லா, தம்பி. வீடு நின்னாச்சு. ரோடு எங்க நிக்குது?"

பார்த்தேன். ரோடு எங்கேயும் நிற்கவில்லை. என் முளைகளும் என் நூலும்தான் இருந்தன! துரைக்கு மாதிரி காட்டுவதற்காக எட்டாவது சந்தை மட்டும் ஆட்கள் மண்வெட்டியால் வெட்டி முடித்திருந்தார்கள். மற்ற ஏழும் வெறும் கயிறு. கடைசி முப்பதடியில் கயிற்றைக் கொஞ்சம் ஒதுக்கினால் சந்து வளைந்து இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்து முடியும். வாசலைக் குத்தாது.

இங்கேதான், தம்பிகளே, நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். கிராணியிடம் போய், இப்படி ஒரு வழி இருக்கிறது, துரையிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேட்டால் கூடாது என்பார்கள், கூடாது என்ற பிறகு செய்ய முடியாது, ஆகவே கேட்காமல் இருப்பதே நல்லது என்று என் பயம் எனக்கு நியாயம் சொன்னது. பயந்தவனுக்கு அவன் பயமே வக்கீல். இரண்டு சாயங்காலம் ஒற்றை ஆளாக ஏழு சந்தின் முளைகளையும் பிடுங்கி வளைத்து நட்டேன். எட்டாவது வெட்டி முடித்த சந்து, அதைத் தொட ஒரு ஆளால் ஆகாது. விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை, பிளான் துரை சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டார், இரண்டு துரையும் மேட்டுக்கு வருகிறார்கள் என்று ஆள் வந்து சொன்னான். தவுக்கேயிடம் சொன்னேன்:

"முடிஞ்சுது. இன்னிக்கு எனக்குச் சீட்டுக் கிழிச்சிருவாங்க."

"கிழிக்க மாட்டாங்க."

"நிச்சயம் கிழிப்பாங்க!"

"அப்படியா? ஒரு வெள்ளி பந்தயம்."

ஒரு வெள்ளி என்றால் ஒரு டாலர், வேலை போகப் போகிறவன் அப்படிப் பந்தயம் கட்டலாமா? கட்டினேன். அவ்வளவு நிச்சயமாக இருந்தது எனக்கு. ஒரு வெள்ளியாவது கையில் மிஞ்சட்டும் என்றுகூட நினைத்தேன்.

இப்படியாக ஆறு பேரும் நாயும் மேட்டில் கூடினோம். ஆட்கள் ஏன் குடிபோக மறுக்கிறார்கள் என்று கேட்பதற்காகத் துரை கங்காணியைத்தான் கூப்பிட்டிருந்தார். கங்காணிக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல். லயத்திலிருந்து யாராவது ஒருவர் போகட்டும் என்றதும் முனியம்மா தானாக வந்திருந்தார்.

பிளான் துரை உச்சியில் நின்று முதல் சந்தைப் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். இரண்டாவது சந்தைப் பார்த்தார். கையிலிருந்த பிளானைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. அவருக்கு வயது என்ன, இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். தான் செய்த பொம்மையை யாரோ கையை முறித்து வைத்த மாதிரி நின்றார்.

பெரிய துரை என்னை நோக்கித் திரும்பினார். "யாரு மொளை புடுங்கினான்? நீ புடுங்கினான்?"

"ஆமாங்க, துரை."

பிளான் துரையும் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். கிராணி பல்லைக் கடித்தபடி, "ஏன் வளைச்சனீர் எண்டு கேக்கிறார். கெதியாச் சொல்லும்," என்றார்.

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே பாதியாகக் குறைந்திருக்கும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"தண்ணிக்காகங்க. மழை பெஞ்சா சந்து வழியா தண்ணி வாசலுக்கு நேரா வந்துரும். அதான் கொஞ்சம் ஒதுக்கினேன்."

பொய். அதுவரை தண்ணீரைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. வெள்ளைக்காரருக்குப் புரிகிற காரணமாக ஒன்று வேண்டும் என்று நாக்கு தானாக எடுத்துக் கொடுத்தது. கிராணி அதை ஆங்கிலத்தில் சொன்னார். பிளான் துரை கோபப்படவில்லை. யோசித்தார். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். கிராணியின் குடை கொஞ்சம் தாழ்ந்தது.

"சந்துக்கு ரெண்டு பக்கமும் கான் வெட்டத்தானே போறம், தண்ணி அதாலை போயிடும் எண்டு சொல்லுறார். அதோடை, தண்ணிக்குப் பயம் எண்டால், வெட்டி முடிச்ச எட்டாம் சந்தைப் பற்றி ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டு கேக்கிறார்."

நல்ல கேள்வி. அவர் பிழைத்துக்கொள்வார் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. நூல்கண்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தேன். தவுக்கே வானத்தைப் பார்த்தார். நாய் என் காலடியில் வந்து படுத்தது.

"ஐயா, நான் சொல்லட்டா?" என்றார் முனியம்மா.

"நீ சும்மா இரு, பிள்ளை," என்றார் கிராணி.

"சும்மா இருந்துதான் இந்த லச்சணம். துரை, தண்ணியுமில்ல, கிண்ணியுமில்ல. ரோடு நேரா வந்து வாசல்ல குத்தினா எங்க சனங்க அந்த வீட்டுல இருக்க மாட்டாங்க. அது ஆகாது. ஏன் ஆகாதுன்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. அண்ணன் ரோட்டத் திருப்பி விட்டாரு. திருப்பினதுக்கு அப்புறம் தண்டல் வீட்டம்மா நேத்து வந்து பாத்துட்டு, எந்தப் பக்கம் அடுப்பு வைக்கலாம்னு கேட்டுட்டுப் போயிருக்கு. எட்டு வீட்டுலயும் புகை வரணும்னீங்க. இந்தக் கயித்த அப்படியே விடுங்க, வரும். நேராக்குனீங்க, வராது. எங்க நாப்பது வீடும் வராது."

பெரிய துரைக்குத் தமிழ் நேராகவே புரிந்தது. முகம் சிவந்துவிட்டது. "இது பேய் கதை! பிசாசு கதை! மொளை எல்லாம் பழைய எடம் நடு. இன்னிக்கே!"

பிளான் துரை என்ன என்ன என்று கிராணியின் சட்டையை இழுத்தார். கிராணி தெருக்குத்துக்கு ஆங்கிலம் தேடித் திணறினார். கையைக் கத்தி மாதிரி நீட்டி, தன் வயிற்றிலேயே குத்திக் காட்டினார். தவுக்கேயும் தலையை ஆட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, எங்களுக்கும் அப்படித்தான் என்று மலாயில் சொன்னார். அதற்குமேல் விளக்க நேரம் இல்லை. மழை பிடித்துக்கொண்டது.

ஜோகூர் மழை உங்களுக்குத் தெரியும். தூறல், சாரல் என்று முன்னறிவிப்புக் கிடையாது. ஆகாயத்தில் யாரோ பீப்பாயைக் கவிழ்ப்பார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் ஓடவும் முடியாது, மேடு முழுக்கச் செம்மண் வழுக்கல். வெட்டி முடித்த பாதை என்று இருந்தது எட்டாவது சந்து ஒன்றுதான். அதன் வழியாக எல்லாரும் சறுக்கிக்கொண்டு இறங்கி, நேரே எதிரேயிருந்த எட்டாவது முகப்பு வீட்டுக்குள் புகுந்தோம். கதவு இன்னும் மாட்டவில்லை.

உள்ளே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே முனியம்மா, "அடியாத்தி, அங்க பாருங்க!" என்றார்.

நாங்கள் வந்த வழியாகவே எங்களுக்குப் பின்னால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. உச்சியிலிருந்து சந்து முழுவதும் ஒரு வாய்க்காலாகி, வட்டப் பாதையைத் தாண்டி, வாசற்படியில் மோதி, விருந்தாளி மாதிரி உள்ளே நுழைந்தது. சிவப்புத் தண்ணீர். முதலில் கணுக்கால் நனைந்தது. பிறகு பூட்ஸுக்குள் போயிற்று. கிராணி வேட்டியை ஒரு கையிலும் செருப்பை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டார், குடை மிதந்து போயிற்று. நாய் சுவர் ஓரம் கிடந்த பலகைக் குவியலில் ஏறியது. தவுக்கே பிளான் துரையை அலாக்காகத் தூக்கித் தன் அறுப்புக் கட்டையின்மேல் நிறுத்தினார். பிளானைச் சுருட்டித் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

"வாசல் ரொம்ப நல்லா கட்டிட்டேன் லா," என்றார் தவுக்கே. "தண்ணிக்கே உள்ள வர ஆசை."

பக்கத்து ஏழாவது வீட்டை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அங்கே இன்னும் சந்து வெட்டவில்லை. தண்ணீர் புல்லில் பரவி எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. படி உலர்ந்திருந்தது.

பிளான் துரை என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து அறுப்புக் கட்டை ஆடியது. கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"உம்மடை பொய் உண்மையாப் போச்சுதாம், காணும். இந்தத் தண்ணி கானுக்கை அடங்காதாம்."

பிளான் துரை தன் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்தார். கிராணியின் முதுகைக் குனியச் சொல்லி, அதன்மேல் பிளானை விரித்து, எட்டுச் சந்தின் கடைசி முனைகளையும் தானே வளைத்துப் போட்டார். போட்டு முடித்துக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். கிராணி குனிந்திருந்ததால் யாரும் தமிழில் சொல்லவில்லை.

பெரிய துரை கடைசிவரை சிரிக்கவில்லை. மழை விட்டதும் பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு என்னிடம் வந்தார். சீட்டு கிழிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எட்டாவது ரோடு நீ மூடுவான். நீயே வளைச்சு வெட்டுவான். கூட ஆளு கெடையாது. இன்னொரு தரம், மொதல் வாயி, அப்பறம் கையி. வெளங்குதா?"

அவ்வளவுதான் தண்டனை. தம்பிகளே, என் முப்பது வருஷ உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாடம் அது, அதையும் அந்த ஓட்டைத் தமிழில்தான் கேட்டேன். முதலில் வாய், பிறகு கை. முளையில் கை வைக்குமுன் வாயைத் திறங்கள். அன்றைக்கு மழை வந்து என்னைக் காப்பாற்றியது. மழையை நம்பி வேலை செய்யாதீர்கள். ஆபீஸ் மேஜையில் பிளானை விரித்த அன்றே 'எங்கள் சனங்கள் இதில் இருக்க மாட்டார்கள்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால், பென்சிலால் முடிந்துபோயிருக்கும் வேலை. சொல்லாததால் முனியம்மாவின் வீடு ஒரு மழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டை வரைகிறவருக்கு அதில் யார் அடுப்பு மூட்டப் போகிறார்கள் என்று தெரியாது. முளை அடிக்கிற உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொன்னால் ஒழிய அவருக்கு வேறு வழி இல்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் மண்வெட்டியோடு எட்டாவது சந்தில் நின்றேன். இடுப்பு ஒடிந்தது. நேராக வந்த பகுதியை மூடி, வளைத்து வெட்டி முடித்தபோது பார்த்தால், கங்காணி காய்ச்சல் சுகமாகி மூட்டை முடிச்சோடு முதல் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். ஏழு வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. எட்டாவது வீட்டுக்கு ஒதுக்கியிருந்தவர் மட்டும், குடிபோகுமுன்பே வெள்ளம் புகுந்த வீடு எனக்கு வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். மறுநாள் சனிக்கிழமை! கிராணி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"வந்த தண்ணி போயிடுச்சு," என்றார் முனியம்மா. "நான் போறேன். எனக்குக் குடுங்க."

பக்கத்து மேட்டில் சின்ன வீடு கிடைக்குமா என்று காத்திருந்தவருக்குத் தோட்டத்திலேயே பெரிய வீடு கிடைத்தது. சனிக்கிழமை கம்பெனி பெரிய ஆள் வந்து உச்சியில் நின்றபோது எட்டு வீட்டிலும் புகை வந்தது. எட்டாவதில்தான் அதிகம், முனியம்மா வேண்டுமென்றே ஈர விறகை வைத்திருந்தார். அடுத்த மாதமே பக்கத்து மேட்டில் வேலை தொடங்கியது. அங்கே பிளான் துரை முதலிலேயே எல்லாச் சந்தையும் வளைத்து வரைந்து அனுப்பியிருந்தார். எனக்கு ஒரு முளைகூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. அந்த நாற்பது வீட்டுக்கும் கூரை போட்டுக் கொஞ்ச நாளில்தான் ரப்பர் விலை விழுந்தது. பிறகு வெகு காலம் ஜோகூரில் எந்தத் தோட்டத்திலும் ஒரு பலகை ஆணி அடிக்கவில்லை.

பந்தயம் பாக்கி இருக்கிறதே என்று கேட்பீர்கள். எட்டாவது வீட்டுத் தளத்தில் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த தவுக்கேயிடம் அன்றைக்கே ஒரு வெள்ளியை நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார்.

"வெச்சுக்கோ, தம்பி. நீ நாளைக்கும் ஏதாச்சும் கவலைப்படுவ. அதுக்கும் பந்தயம் கட்டுவோம். நீ கவலைப்படுறத நிறுத்துற அன்னிக்கு மொத்தமா வாங்கிக்கிறேன்."

அதற்குப் பிறகு அவரோடு பல இடங்களில் வேலை செய்தேன். தெப்ராவ் பக்கத்தில் ஒரு குடியிருப்புக்குக் கிணறு தோண்டினோம். தண்ணீர் வராது என்றேன், ஒரு வெள்ளி போயிற்று. பக்கத்து மேட்டுக்குச் செங்கல் வந்து சேராது என்றேன், ஒரு வெள்ளி. என் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் வர மாட்டார்கள் என்றேன், அதற்கும் ஒரு வெள்ளி. ஒவ்வொன்றையும் அவர் தன் அளவுகோலின் முதுகில் கீறி வைத்துக்கொண்டார். நானும் என் நோட்டில் எழுதி வைத்தேன், அவர் கோல் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று. பிறகு அவர் தச்சு வேலையை விட்டு பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசி பயிரிடப் போய்விட்டார். வருஷத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்க்கிறேன். காதில் விழுவது குறைந்துவிட்டது, கோல் மட்டும் கதவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. போன தடவை பணத்தைக் கொண்டுபோனேன். கவலையை நிறுத்திவிட்டாயா என்று கேட்டார். இதை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், தம்பிமார் படிக்காமல் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று கவலையாக இருக்கிறது என்றேன். கோலை எடுத்து இன்னொரு கீறல் போட்டுவிட்டார்.

அதையும் சேர்த்தால், இன்றைய தேதிக்கு நான் தவுக்கேக்குத் தரவேண்டியது நாற்பத்தொரு வெள்ளி.